‘காந்தி’ படத்தின் தென்னாப்பிரிக்கக் காட்சிகளைத் தேடி டர்பனுக்கு வருவோருக்கு

கும்பகோணத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் கேட்டிருக்கும் கேள்வி இது. ரிச்சர்ட் அட்டன்பரோ இயக்கிய ‘காந்தி’ அவர்களுக்கு மிகவும் பிடித்த படம். ஜூலை மாதம் டர்பனில் வேலை பார்க்கும் மகனிடம் வருகிறார்கள். காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட நிலையம், பதிவுச் சீட்டுகளை எரித்த திடல், பீனிக்ஸ் ஆசிரமம், சுரங்கத் தொழிலாளர் பேரணி ஆகியவை படமாக்கப்பட்ட இடங்களை ஒரு வாரத்துக்குள் பார்க்க முடியுமா, எந்த வரிசையில் போகலாம் என்று கேட்கிறார்கள்.

அந்தப் படத்துக்காகக் கேமரா வைக்கப்பட்ட இடம் ஒன்றுகூடத் தென்னாப்பிரிக்காவில் இல்லை. 1980 நவம்பரில் தொடங்கி 1981 மே மாதத்தில் முடிந்த படப்பிடிப்பு இந்தியாவிலும், லண்டன் காட்சிகளுக்காக இங்கிலாந்திலும் நடந்தது. நேட்டால் (டர்பன் இருக்கும் கடலோர மாகாணம்) ரயிலும், டிரான்ஸ்வால் (ஜோகன்னஸ்பர்க் இருந்த வடக்கு மாகாணம்) சிறையும், நிலக்கரிச் சுரங்கமும் இந்திய மண்ணிலேயே உருவாக்கப்பட்டன. அன்றைய நிலையில் வேறு வழியும் இல்லை. நிறவெறி ஆட்சியோடு வணிகத்தை முதலில் முறித்துக்கொண்ட நாடு இந்தியா. அது 1946-இலேயே நடந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் இந்தியக் கடவுச்சீட்டு தென்னாப்பிரிக்கப் பயணத்துக்குச் செல்லாது என்று அதிலேயே அச்சிட்டிருந்தார்கள். இந்திய அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பணம் போட்ட ஒரு படத்தின் குழு டர்பன் துறைமுகத்தில் வந்து இறங்குவதை இரு அரசுகளுமே விரும்பியிருக்கமாட்டா. படத்துக்குள் இந்நாட்டின் பங்கு என்று எடுத்துச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு: காந்தி எதிர்த்துப் போராடிய டிரான்ஸ்வால் அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸாக நடித்தவர், நிறவெறிக்கு எதிரான நாடகங்களால் உலகப் புகழ்பெற்ற தென்னாப்பிரிக்க நாடகாசிரியர் ஏதோல் ஃபுகார்ட்.

ஆகவே படப்பிடிப்புத் தளங்களைத்தான் பார்க்க வேண்டும் என்றால் இந்தியாவுக்குள்ளேயே அந்தப் பயணத்தை வைத்துக்கொள்ளலாம். டெல்லியில் இன்று கர்த்தவ்ய பத் என்று பெயர் மாறியிருக்கும் ராஜ்பாத்தில்தான் 1981 ஜனவரி 31 அன்று ஏறத்தாழ மூன்று லட்சம் பேரை நிறுத்தி இறுதி ஊர்வலக் காட்சியை எடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவிலேயே எடுக்கப்பட்ட காந்திப் படம் வேண்டும் என்பவர்கள், பாத்திமா மீரின் நூலைத் தழுவி ஷியாம் பெனகல் இயக்கி 1996-இல் வெளிவந்த ‘தி மேக்கிங் ஆஃப் தி மகாத்மா’ படத்தைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளலாம். ரஜித் கபூர் காந்தியாக நடித்த அந்த இந்திய-தென்னாப்பிரிக்கக் கூட்டுத் தயாரிப்பு, அட்டன்பரோ ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும் 21 ஆண்டுகளை மட்டுமே எடுத்துக்கொண்டு நிதானமாகச் சொல்கிறது.

ஆனால் படம் காட்டும் நிகழ்ச்சிகள் உண்மையில் நடந்த இடங்கள் பெரும்பாலும் இங்கே இருக்கின்றன. அவற்றுள் பல ஒரே சாலை வழியில் அமைந்திருக்கின்றன. இங்கு வரும் இந்தியப் பயணிகள் பெரும்பாலோர் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் (சுருக்கமாக மாரிட்ஸ்பர்க்) நிலையத்துக்கு டர்பனிலிருந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பின்பு விமானத்தில் ஜோகன்னஸ்பர்க் போய் அங்கே மீதியைப் பார்க்கிறார்கள். இடையிலுள்ள நிலத்தை விட்டுவிட்டால் பாதிக் கதை போய்விடுகிறது என்பது என் கருத்து. 1893-இல் காந்தி தனியாக வடக்கு நோக்கிப் போன வழியும், 1913-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருடன் நடந்துபோன வழியும் ஏறக்குறைய ஒன்றே. அந்த வழியில் காரில் போங்கள் என்பதுதான் என் முதல் பரிந்துரை. பின்வரும் வரிசையும் அதன்படியே அமைந்தது.

டர்பனில் முதல் நாளைப் பீனிக்ஸுக்குக் கொடுங்கள். நகரின் வடக்கே இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில், இனாண்டா மலைச்சரிவில் இருக்கும் நூறு ஏக்கர் நிலத்தை 1904-இல் ஆயிரம் பவுனுக்கு வாங்கிக் காந்தி குடியிருப்பை அமைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழின் அச்சகமும் அங்கே மாறியது. அவ்விதழ் தொடக்கத்தில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வெளிவந்தது. படத்தில் அமெரிக்க நிருபர் வாக்கர் வந்து பார்க்கும் ஆசிரமம் இதுதான். வாக்கர் மட்டும் கற்பனைப் பாத்திரம். நீங்கள் காணப்போகும் காந்தியின் ‘சர்வோதயா’ வீடு பழைய வீடு அன்று. 1985 ஆகஸ்டில் இனாண்டாவில் மூண்ட கலவரத்தில் குடியிருப்பு எரிந்து பாழானது; மீண்டும் கட்டி 2000 பிப்ரவரியில் அதிபர் தாபோ எம்பெக்கி திறந்து வைத்தார். மரமும் தகரமுமாகப் பழைய அளவிலேயே எழுப்பியிருக்கிறார்கள். முன்பு கரும்பும் புல்லுமாகக் கிடந்த சுற்றுப்புறம் இன்று நெருக்கமான ஏழைக் குடியிருப்பாக மாறிவிட்டது. படத்தில் பார்த்த விரிந்த வெளியை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு அது சற்று அதிர்ச்சியாக இருக்கும்.

படத்தில் கஸ்தூர்பா கழிப்பறை வேலை செய்ய மறுப்பதும், காந்தி அவரை வெளியே தள்ள முனைவதும் இந்த ஆசிரமத்தில் நடப்பதாக வரும். அது திரைக்கதைக்காகச் செய்த மாற்றம். சுயசரிதையின்படி அந்தச் சண்டை பீனிக்ஸ் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே, டர்பன் நகரத்துக்குள் அவர்கள் குடியிருந்த வீட்டில் நடந்தது. ஆகவே பீனிக்ஸில் அந்த வாசலைத் தேட வேண்டாம். அதற்குப் பதிலாக, பக்கத்திலேயே இருக்கும் ஓலாங்கே பள்ளிக்குப் போங்கள். ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸின் முதல் தலைவரான ஜான் டூபே 1901-இல் நிறுவிய அந்தப் பள்ளியில்தான் 1994 ஏப்ரல் 27 அன்று நெல்சன் மண்டேலா தம் வாழ்வின் முதல் வாக்கைச் செலுத்தினார். காந்தியும் டூபேயும் ஒரே காலத்தில் கூப்பிடு தொலைவில் வாழ்ந்தும் அவர்களது போராட்டங்கள் தனித்தனியே நடந்தன என்பது படத்தில் இடம்பெறாத செய்தி. இனாண்டாவுக்கு உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன், காலை நேரத்தில் போவதே நல்லது.

திரும்பும் வழியில் மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலில் சற்று நேரம் இருந்துவிட்டு வாருங்கள். ஈஸ்டர் விடுமுறையில் இந்தக் கோயிலில் கூடும் கூட்டம் நாடெங்கிலுமிருந்து வருவது. ஜூலையில் அமைதியாக இருக்கும். கோயிலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் 1913 நவம்பரில் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியபோது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்த தோட்டங்களுள் மவுண்ட் எட்ஜ்கோமும் ஒன்று. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்த ஒரு லட்சத்து 52 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். எங்கள் குடும்பங்களும் அப்படி வந்தவைதாம். படம் பேரணியைக் காட்டுகிறது, அது எதற்காக என்பதைப் போகிறபோக்கில்தான் தொடுகிறது. ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் போடாமலும் இங்கே தங்குபவர் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டும் என்று 1895-இல் சட்டம் வந்தது. ஐந்தாம் ஆண்டுக் கூலியே மாதம் பதினான்கு ஷில்லிங் என்றிருந்த காலத்தில் மூன்று பவுன் என்பது நான்கு மாதக் கூலியைவிட அதிகம். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை என ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கட்ட வேண்டும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து வரும் ஊர்களுக்குப் பொருள் விளங்கும்.

டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் என் 3 நெடுஞ்சாலையில் சுமார் எண்பது கிலோமீட்டர். நிலையம் சிவப்புச் செங்கல்லில் கட்டிய விக்டோரியா காலத்துக் கட்டடம். நடைமேடைக் கூரையைத் தாங்கும் வார்ப்பிரும்பு வேலைப்பாட்டை நிமிர்ந்து பாருங்கள். வணிகர் தாதா அப்துல்லாவின் வழக்குக்காகப் பிரிட்டோரியாவுக்கு முதல் வகுப்புச் சீட்டில் புறப்பட்ட 23 வயது வழக்கறிஞரை 1893 ஜூன் 7 இரவில் இங்கே இறக்கிவிட்டார்கள். நடைமேடையில் பதித்திருக்கும் பலகை, இதற்கு அருகில்தான் அவர் வெளியேற்றப்பட்டார் என்று சொல்கிறதே தவிர இதுதான் அந்த இடம் என்று சொல்லவில்லை. அந்த அளவான சொல்லாட்சி எனக்குப் பிடிக்கும். படத்தில் ரயில் போனபின் காட்சி முடிந்துவிடுகிறது. உண்மையான கதை அதற்குப் பிறகு காத்திருப்பு அறையில் நடந்தது. விளக்கில்லாத அறை, உயரமான ஊரின் குளிர்காலம், மேலங்கியோ நிலைய அதிகாரியிடம் இருந்த பெட்டிக்குள். கேட்டால் மறுபடியும் அவமதிப்பார்களோ என்று கேட்காமலே விடிய விடிய நடுங்கிக்கொண்டிருந்ததாக அவர் எழுதியிருக்கிறார். அந்த அறையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். நிலையத்தில் இருமுகம் கொண்ட மார்பளவுச் சிலை ஒன்று உண்டு. நிகழ்ச்சியின் 125-ஆம் ஆண்டான 2018-இல் சுஷ்மா சுவராஜ் அதைத் திறந்து வைத்தார். ஊருக்குள் சர்ச் தெருவில் நிற்கும் முழு உருவச் சிலை 1993-இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவால் திறக்கப்பட்டது.

நிலையத்துக்குப் பிற்பகல் மூன்று மணிக்குள் போய்விடுங்கள். ஜூலையில் ஐந்து மணியைத் தாண்டினால் விரைவில் இருட்டிவிடும். இருட்டியபின் நிலையச் சுற்றுப்புறம் வெளியூர்க்காரர்கள் நின்று கொண்டிருக்கத்தக்கதன்று. இரவு மாரிட்ஸ்பர்க்கிலேயே தங்கி மறுநாள் அதிகாலையில் கிளம்புங்கள்.

இனி நான் முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். லேடிஸ்மித் அருகே என் 3-ஐ விட்டு என் 11 சாலையில் திரும்பினால் நியூகாசில் வரும். நிலக்கரி ஊர். 1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டி வந்த பதினொரு பெண்கள், ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தைகளோடு, இந்த ஊரின் தொழிலாளர் குடியிருப்புகளில் வீடுவீடாகப் போய் மூன்று பவுன் வரியை எடுத்துச் சொல்லித் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். காந்தி வந்து சேரும்முன் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. வந்தவர் தங்கியது லாசரஸ் என்னும் தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டில். சுரங்க முதலாளிகள் குடியிருப்புகளில் தண்ணீரையும் விளக்கையும் நிறுத்த, தொழிலாளர் மூட்டை முடிச்சுகளோடு அந்தச் சிறிய வீட்டை வந்து சூழ்ந்தார்கள். படத்தில் காந்தி சுரங்க வாசலில் பேச, தொழிலாளர் அவர் பின்னால் கிளம்புவதாக வருகிறது. நடந்தது தலைகீழ்: பெண்கள் பேசினார்கள், தொழிலாளர் வெளியே வந்தார்கள், அவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கவலை காந்திக்கு வந்தது. நியூகாசிலில் பார்க்கப் பெரிய நினைவுச் சின்னத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஊரைச் சுற்றியுள்ள நிலத்தின் நிறத்தையும் தூரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து எல்லை ஊரான சார்ல்ஸ்டவுன் 36 மைல். இன்று காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மஜூபா மலை இடப்பக்கம் உயர்ந்து நிற்க, லேங்ஸ் நெக் கணவாய் வழியாகச் சாலை ஏறும். அன்று கைப்பிள்ளைக்காரிகள் உட்பட எல்லாரும் அதை நடந்து கடந்தார்கள். வழியில் இரண்டு குழந்தைகள் இறந்தன: ஒன்று குளிரில், மற்றொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவி. நாள் ஒன்றுக்கு ஆளுக்கு ஒன்றரைப் பவுண்டு ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையும்தான் உணவு. சார்ல்ஸ்டவுனிலிருந்து 1913 நவம்பர் 6 காலை எல்லையைத் தாண்டியவர்களின் கணக்கைக் காந்தியே குறித்து வைத்திருக்கிறார்: ஆண்கள் 2,037, பெண்கள் 127, குழந்தைகள் 57.

படத்தில் குதிரைப் போலீஸ் பாய்ந்து வருவதும், மக்கள் தரையில் படுத்துக்கொள்ளக் குதிரைகள் மிதிக்க மறுத்துத் திரும்புவதும் மறக்க முடியாத காட்சி. காந்தி எழுதிய வரலாற்றில் அப்படி ஒன்று இல்லை. எல்லையில் குதிரைப் போலீசார் காவல் நின்றது உண்மை. அவர்களோடு காந்தி பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் ஓடி அப்பால் போய்விட்டது. எனக்குத் திரைக்காட்சியைவிட இது பிடித்திருக்கிறது. எல்லைக்கு அப்பால் உள்ள ஊர் ஃபோல்க்ஸ்ரஸ்ட். 1908 இறுதியில் காந்தி சிறையிருந்ததும், பேரணிக்கு ரொட்டி கொடுக்க ஒப்புக்கொண்ட வெள்ளைக்கார ரொட்டிக்கடைக்காரர் இருந்ததும் இந்த ஊர்தான்.

ஃபோல்க்ஸ்ரஸ்டில் என் 11-ஐ விட்டு ஆர் 23 சாலையைப் பிடியுங்கள். ஊர்ப் பலகைகளை விடாமல் படித்துக்கொண்டு போக வேண்டிய சாலை இது. முதலில் பெர்டெகாப் வரும். 1893-இல் ரயில் பாதை சார்ல்ஸ்டவுனோடு முடிந்துவிட்டதால் அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க்குக் குதிரை வண்டி. வெள்ளையரோடு உள்ளே உட்காரவைக்க மறுத்து வண்டிக்காரன் பக்கத்தில் காந்தியை உட்காரவைத்திருந்தார்கள். பெர்டெகாப்பில் வண்டித் தலைவனுக்குச் சுருட்டுப் பிடிக்கக் காற்றோட்டமான இடம் வேண்டியிருந்தது, ஆகவே அழுக்குச் சாக்கை விரித்துக் கால்வைக்கும் பலகையில் உட்காரச் சொன்னான். மறுத்தபோது அடித்துக் கீழே இழுத்தான். இவர் பித்தளைக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு விடவில்லை. மாரிட்ஸ்பர்க்கைவிடக் கொடுமையான இந்த நிகழ்ச்சி படத்தில் இல்லை. இந்த ஊரைத் தேடி வருபவரும் அரிது. அடுத்து ஸ்டாண்டர்டன்: 1893-இல் அடிபட்ட அன்று இரவு இந்திய வணிகர்கள் வந்து அவரை அழைத்துக்கொண்ட ஊர், 1913-இல் பேரணி நடுவே இரண்டாம் முறையாக அவர் கைதான ஊர். அதற்கும் அப்பால் பால்ஃபோர். நவம்பர் 10 அன்று பேரணி முழுவதையும் நிறுத்தி மூன்று தனி ரயில்களில் ஏற்றி நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பியது அங்கேதான். இருபது ஆண்டு இடைவெளியில் நடந்த இரு பயணங்களையும் ஒரே பிற்பகலில் இந்தச் சாலையில் பார்த்துவிடலாம். இருபுறமும் மக்காச்சோள வயல். ஜூலையில் அறுவடை ஆகிக் காய்ந்த தட்டைதான் நிற்கும்.

இந்தச் சாலையோர ஊர்களில் சைவ உணவு கிடைப்பது கடினம். மகன் வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள், டர்பனிலேயே பீன்ஸ் பன்னி (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு) சாப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். உயர்நிலத்தில் ஜூலை இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும். கம்பளி உடை கையிலேயே இருக்கட்டும்.

ஜோகன்னஸ்பர்க்கில் முதலில் நியூடவுன் பகுதியிலுள்ள ஹமீதியா பள்ளிவாசலுக்குப் போகச் சொல்வேன், ஏனென்றால் படத்துக்கும் வரலாற்றுக்கும் இடைவெளி மிக அதிகமாக உள்ள காட்சி இதுதான். படத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த சிறிது காலத்திலேயே, ஒரு சிறு கூட்டத்தின் முன், போலீஸ்காரர் தடியால் அடிக்க அடிக்க இளம் காந்தி சீட்டுகளைத் தீயில் போடுகிறார். நடந்தது அவர் வந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1908 ஆகஸ்ட் 16 அன்று. இந்தியர் பதிவுச் சான்று பெற வேண்டும் என்ற சட்டத்தைத் திரும்பப் பெற முடியாது என்று அரசின் தந்தி வந்து சேர்ந்ததும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சான்றுகளைப் பெரிய இரும்புக் கொப்பரையில் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி, கூட்டத் தலைவர் யூசுப் மியான் தீ வைத்தார். போலீஸ் அடி ஏதும் இல்லை. காந்தி அடிபட்டது அதே ஆண்டு பிப்ரவரியில். அடித்தவர்கள், அவர் ஸ்மட்ஸோடு சமரசம் செய்துகொண்டதை ஏற்காத மீர் ஆலம் முதலிய பத்தான்கள். உடன் இருந்து தடுக்க முனைந்து தாமும் அடிபட்டவர் தம்பி நாயுடு. மொரீசியஸில் பிறந்த தமிழர், இந்தப் போராட்டத்தின் தூண். ஆகஸ்டில் அந்த மீர் ஆலமே கூட்டத்துக்கு வந்து, தாம் செய்தது தவறு என்று சொல்லித் தம் சான்றை எரிக்கக் கொடுத்தார். இதைவிடச் சிறந்த நாடகக் காட்சியைத் திரைக்கதாசிரியர் ஏன் விட்டார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. தம்பி நாயுடுவைப் படத்தில் காணோம் என்பது அதைவிடப் பெரிய குறை. பள்ளிவாசலுக்கு எதிரே கொப்பரை வடிவில் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். மூன்று கால் கொண்ட அந்தக் கொப்பரை இந்நாட்டில் விறகடுப்பில் இறைச்சியும் காய்கறியும் வேகவைக்க இன்றும் புழங்குவதுதான்.

அடுத்து கான்ஸ்டிடியூஷன் ஹில். 1908-இல் காந்தி அடைக்கப்பட்ட பழைய கோட்டைச் சிறை வளாகத்தில்தான் இன்று நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் இருக்கிறது. விசாரணைக் கைதிகளை அடைத்திருந்த கட்டடத்தை இடித்து அதன் செங்கற்களை நீதிமன்றச் சுவரில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மாடிப்படிக் கூண்டுகளை மட்டும் இடிக்காமல் முற்றத்தில் நிற்கவிட்டிருக்கிறார்கள். அரை நாள் ஒதுக்குங்கள். ஆப்பிரிக்கர்களைப் பற்றிக் காந்தி இளமையில் எழுதியவை இங்கே வெளிப்படையாக விவாதிக்கப்படுபவை. காந்தி சதுக்கத்திலுள்ள அவரது சிலைமீது 2015-இல் வெள்ளைச் சாயம் ஊற்றப்பட்டது. யாராவது உங்களிடம் அதைப் பற்றிக் கேட்டால் வாதாடாமல் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்பவர்களின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

படத்தில் சத்தியாக்கிரக உறுதிமொழி எடுக்கும் அரங்கைத் தேட வேண்டாம். 1906 செப்டம்பர் 11 அன்று கூட்டம் நடந்த எம்பயர் நாடக அரங்கு மறுநாளே தீப்பிடித்து அழிந்தது. ஸ்மட்ஸ் தம் அலுவலகத்தில் காந்தியை விடுதலை செய்யும் காட்சியை நினைத்துப் பிரிட்டோரியாவின் யூனியன் கட்டடங்களுக்குப் போகிறவர்கள் உண்டு. அந்தச் சந்திப்பு நடந்தது 1908-இல். அந்தக் கட்டடங்களின் வேலை தொடங்கியதே 1910-இல். கட்டட அழகுக்காகப் போவதென்றால் போகலாம். டால்ஸ்டாய் பண்ணை நகருக்குத் தென்மேற்கே லாலி நிலையத்துக்கு அருகில். படத்தில் வரும் ஜெர்மானிய நண்பர், கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக், 1910-இல் கொடுத்த 1,100 ஏக்கர் நிலம் அது. பழைய கட்டடங்கள் அழிந்துவிட்டன. வரலாறு தெரிந்து போகிறவர்களுக்கு மட்டுமே அதில் ஏதேனும் கிடைக்கும். காலன்பாக்கும் காந்தியும் 1908-1909-இல் சேர்ந்து வாழ்ந்த வீடு ஆர்ச்சர்ட்ஸ் பகுதியில் ‘சத்தியாக்கிரக இல்லம்’ என்ற பெயரில் தங்கும் விடுதியும் அருங்காட்சியகமுமாக இருக்கிறது. ஒரு மணி நேரம் போதும்.

நீங்கள் காவிரிக்கரையிலிருந்து வருவதால் பிராம்ஃபோன்டைன் இடுகாட்டைத் தனியே சொல்ல வேண்டும். தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறை அங்கே இருக்கிறது. தில்லையாடி தாய்வழி ஊர்; பிறந்து வளர்ந்தது ஜோகன்னஸ்பர்க்கில். 1913 போராட்டத்தில் தாயோடு சேர்ந்து சிறை புகுந்து, மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து கடும் காய்ச்சலோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22-இல் பதினாறு வயதில் இறந்தார். அதே இடுகாட்டில் சாமி நாகப்பனின் நினைவுக்கல் உண்டு. 1909-இல் ஜூலைக் குளிரில், சிறைமுகாமின் கடும் உழைப்பால் நோயுற்று விடுதலையான சில நாளில் இறந்த இளைஞர் அவர். இந்நாட்டுத் தேசிய கீதத்தின் முதற்பகுதியான பாடலை இயற்றிய ஈனாக் சொன்டொங்காவின் நினைவிடமும் இங்கேதான். ஒரே வருகையில் மூன்றையும் பார்க்கலாம். பரந்த இடுகாடு, தேடி அலையாமல் வாயிலில் இருக்கும் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். தனியாகப் போக வேண்டாம்.

நடைமுறை விவரங்கள் சில. சாதாரண இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. விண்ணப்பத்தை முன்கூட்டியே போடுங்கள். நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழியாக வருவதானால், அங்கே நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் மகன் ஓட்டுவதில் சிரமம் இராது. நிறுத்திய காருக்குள் பை எதையும் கண்ணில் படும்படி வைக்காதீர்கள், இருட்டியபின் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம்.

ஒரு வாரம் தாராளமாகப் போதும்: டர்பனும் பீனிக்ஸும் இரண்டு நாள், மாரிட்ஸ்பர்க் ஒரு நாள், நியூகாசிலில் ஓர் இரவு தங்கி ஆர் 23 வழியாக ஜோகன்னஸ்பர்க் ஒரு நாள், அங்கே இரண்டு நாள். நாள் குறைந்தால் காந்தி சதுக்கத்தையும் டால்ஸ்டாய் பண்ணையையும் பிரிட்டோரியாவையும் விட்டுவிடுங்கள், ஆர் 23 சாலையை விடாதீர்கள். இந்தியாவுக்குத் திரும்பும் விமானத்தை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தே பதிவு செய்துகொண்டால் டர்பனுக்குத் திரும்பும் ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம் உங்களுக்கு மிச்சம். வாடகைக் காராக இருந்தால், ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.